தொடாமல் பழுது பார்த்த கணினி

மனித குல வரலாற்றில் ஒரு கணினியைத் தொடாமலேயே பழுது பார்த்த பெருமை எங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. நெருப்பை மூட்டியவனும் சக்கரத்தை உருட்டியவனும் எதையாவது தொட்டுத்தான் தொலைத்தார்கள். நாங்கள் தொடவில்லை. அந்தச் சாதனையை ஆண்டறிக்கையில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அறிக்கையில் இயக்குநரின் புகைப்படங்கள் போக மீதி இடம் போதாததால், விட்டுப்போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது செவித்திறன் நல அலுவலகம். காது கேளாத குழந்தைகளுக்குக் காது கேட்கும் கருவி கொடுப்பது எங்கள் வேலை. கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை ஏராளமாக இருப்பதால், கொடுப்பதற்கு எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதை யாரும் குறையாகச் சொன்னதும் இல்லை.

இங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு பொருளைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ, அவரே அதற்குப் பொறுப்பு. கழிப்பறைக் குழாய் நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. மூடப் போய் அது கையோடு வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? கூட்ட அறையின் கதவு பாதி திறந்தபடியே நிற்கிறது. எல்லோரும் உடம்பை ஒருக்களித்து நுழைகிறோம். நாங்கள் அன்போடு ‘நிலுவை’ என்று அழைக்கும் தலைமை எழுத்தர், கோப்புகளைப் பென்சில் முனையால்தான் புரட்டுவார். பணிக்காலம் முழுவதும் கைபடாமல் வாழ்ந்த மகான் அவர்.

இப்படிப்பட்ட தூய சூழலில்தான் எங்கள் பழைய கணினி ஒருநாள் நின்றுபோனது. உள்ளே விசிறி சுற்றியது. மூன்று முறை ‘பீப்’ என்றது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பொத்தானை அழுத்தியது யார் என்று தீர விசாரித்ததில், யாரும் அழுத்தவில்லை என்று தெரியவந்தது. தானாகவே அழுந்தி, தானாகவே கெட்டிருக்கிறது.

அன்று பெஞ்சில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். தெருமுனைத் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். பக்கத்தில் அவளுடைய மகள், நாலரை வயது, நிலுவையைப் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. அவளுக்கான கருவி வந்து, இயக்குநரின் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி பீரோவில், பெயர் ஒட்டிய பெட்டியில் இருந்தது. பெஞ்சிலிருந்து பார்த்தாலே தெரியும். அதை எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு தாள் வேண்டும். அந்த ஆணையைக் கணினிதான் அச்சடிக்கும். ஐந்து வயது முடிந்துவிட்டால் திட்டத்தில் இடமில்லை. தாமதமாக ஆக, பேச்சு வருவது கஷ்டம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

“கையால எழுதித் தரக் கூடாதாங்க?” என்று கேட்டாள் அந்தத் தாய்.

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். “கையால எழுதினா யாரோ ஒருத்தர் எழுதினதா ஆயிடும்மா. கம்ப்யூட்டர்ல வந்தா யாரும் எழுதினது இல்ல.”

நிர்வாகவியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நான் அதை அறிக்கையின் முகப்பில் போட்டிருக்கிறேன்.

உடனே ‘பழுது ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. நாங்கள் கணினியைச் சுற்றி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று ஆய்வு செய்தோம். கறுப்பாக இருக்கிறது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ‘பீப்’ ஒலியை எல்லோரும் ஒருமுறை கேட்டால் நல்லது என்று இயக்குநர் நினைத்தார். அப்படியானால் யாராவது அழுத்த வேண்டும். இயக்குநர் நிலுவையைப் பார்த்தார். நிலுவை என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். கடைசியில் எல்லோருடைய பார்வையும் பெஞ்சின் மேல் போய் நின்றது.

“நீங்க பொதுமக்கள்தானே? கொஞ்சம் வந்து அழுத்துங்கம்மா.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அழுத்தினாள். மூன்று முறை ‘பீப்’. நிலுவையின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கணினியைக் கடைசியாகத் தொட்டவர் பயனாளி என்று அந்த நிமிடமே பதிவானது. அரசுப் பொருளுக்கு ஊறு நேர்ந்தது எப்படி என்று அவளிடம் விளக்கம் கேட்கப்பட்டது. விளக்கம் வரும்வரை மகளின் கோப்பு நிறுத்திவைக்கப்பட்டது. பாவம், கடையில் அனுமதி கேட்டு ஓடிவந்து மறுநாளே விளக்கம் எழுதிக் கொடுத்தாள். அதைக் கணினியில் ஏற்றினால்தான் ஏற்றுக்கொண்டதாக ஆகும். கணினி சரியானதும் ஏற்றுகிறோம் என்று அவளுக்கு உறுதி அளித்தோம். நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை.

அடுத்து ஆலோசகர் வந்தார். அவரும் இயக்குநரும் சகலைகள் என்பது தற்செயல். அக்காவையும் தங்கையையும் அவர்கள் கட்டிக்கொண்டபோது இந்த ஆலோசனை ஒப்பந்தம் இருவர் மனதிலும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மூன்று ‘பீப்’களையும் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார். பிறகு கண் திறந்து தீர்ப்புச் சொன்னார்.

“இது மெஷின் பிரச்சினை இல்ல. சூழல் பிரச்சினை.”

ஆகவே சூழலை மேம்படுத்தினோம். முதலில் பெரிய திரை வந்தது. அதில் கறுப்பு முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. எழுத்துகளுக்கு அடியில் வண்ண விளக்கு எரியும் விசைப்பலகை வந்தது. வாலில்லாத மவுஸ் வந்தது. சுழலும் நாற்காலி வந்தது. அதில் முதலில் சுழன்றவர் இயக்குநர். பிறகு ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டு வந்தன. காது கேளாதோர் அலுவலகத்தில் ஒலிபெருக்கி எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அதைப் பற்றிக் கடைசியாகப் பேசியவன் நானாகிவிடுவேன். பழைய பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார்போல் புதுச்சாமான்கள் நிற்க, அது மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்தது.

ஒவ்வொரு சாமான் வந்தபோதும் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அழுத்துவதற்குத்தான் ஏற்கெனவே பொறுப்பான ஆள் இருக்கிறாரே! கடைக்குச் சொல்லி அனுப்புவோம். அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வருவாள். அழுத்துவாள். மூன்று முறை ‘பீப்’. குழந்தைக்கு விசைப்பலகையின் விளக்குகள் ரொம்பப் பிடித்துப்போயின. ஒவ்வொரு நிறத்தின் மேலும் விரலை வைத்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

ஒருமுறை அந்தத் தாய் பொறுக்க மாட்டாமல், “பெட்டியத் திறந்து யாராச்சும் பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

ஆலோசகர் சிரித்தார். “திறந்து பாக்கறதெல்லாம் அந்தக் காலம்மா.”

இடையில் குழந்தைக்கு ஐந்து வயது முடிந்தது. இதற்கு எங்கள் அலுவலகம் எவ்வகையிலும் காரணமல்ல. குழந்தை தானாகவே வளர்ந்தது. முன்கூட்டியே விண்ணப்பித்தவள்தானே என்று தாய் வந்து அழுதபோது, கம்ப்யூட்டர் சரியாகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

கடைசிக் கட்ட மேம்பாடாகத் தரைவிரிப்பு போடப்பட்டது. விரிப்புப் போட வந்த ஆட்களுக்கு எங்கள் சட்டம் தெரியாது. பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள், விரித்தார்கள், திரும்பத் தூக்கிவந்து ‘பொத்’தென்று போட்டுவிட்டு, வயர்களைச் செருகினார்கள். அவ்வளவுதான், கணினி விழித்துக்கொண்டது. உள்ளே ஏதோ ஒன்று கழன்று நின்றிருக்கிறது. போட்ட போட்டில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் ‘பொத்’தை முதல் நாளே போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். ஆலோசகர் இதற்கு ‘அதிர்வுவழி மேம்பாடு’ என்று பெயர் வைத்து, அதற்கும் தனியாக ஓர் அறிக்கை கொடுத்தார்.

திறப்பு விழா வைத்தோம். முதல் பயனாளி என்ற முறையில் தாயையும் மகளையும் முன்வரிசையில், புகைப்படத்தில் விழும்படி உட்காரவைத்தோம். தாய் அன்று மகளுக்குப் புதுக் கவுன் போட்டு, தலையை வழித்துச் சீவி அழைத்துவந்திருந்தாள். அதுவரை கணினிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லோரும் பொத்தானை அழுத்த முண்டியடித்தார்கள். இயங்கும் பொருளைக் கடைசியாகத் தொடுவது வேறு விஷயம் அல்லவா? பதவி வரிசைப்படி இயக்குநர் வென்றார்.

ஆளுயர ஒலிபெருக்கிகளில் கணினியின் தொடக்க இசை எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூடம் முழுவதும் திடுக்கிட்டுத் திரும்பியது, பிறகு கைதட்டியது. குழந்தை மட்டும் தன் கவுனின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தட்டுவதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, அவளும் தட்டினாள். அறிக்கையில் ‘நெகிழ்ந்தேன்’ என்று எழுதியிருக்கிறேன்.

நிலுவை குழந்தையின் பெயரை ஏற்றினார். கண்ணிமைக்கும் நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: ‘வயது வரம்பு கடந்தது. நிராகரிக்கப்படுகிறது.’

“முன்னெல்லாம் இதுக்கு அரை நாள் ஆகும் சார்” என்றார் நிலுவை, மெய்சிலிர்த்து.

அந்தத் தாய் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. “உங்க கம்ப்யூட்டருக்குக் காத்திருந்துதானேங்க எம்பொண்ணுக்கு வயசாச்சு?”

“நான் என்னம்மா பண்றது? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே” என்றார் இயக்குநர்.

அவள் பீரோவை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தப் பெட்டி, உரியவர் இல்லாததால், ‘உபரி’ என்று முத்திரை குத்தப்பட்டுக் கிடங்குக்குத் திரும்பிப்போனது. கோப்பு நல்லபடியாக முடிந்தது.

இப்போதெல்லாம் காலையில் கணினியைப் போட்டால் அந்த இசை எதிர்வரிசைக் கடைகளையும் தாண்டித் தெருமுனை வரை கேட்கிறது. அங்கே துணிக்கடை வாசலில், எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். இசை எழுந்ததும் தெருவே எங்கள் அலுவலகத்தைத் திரும்பிப் பார்க்கிறது, அவள் ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி திரும்பிவிடாதபடி பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் இத்தனை பேர், இத்தனை மாதம், சம்பளம் வாங்கிக்கொண்டு உழைத்திருக்கிறோம்.