பதினாறு மாட்யூலுக்கு ஜோடி சேர்த்த விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் தன் கையாலேயே எழுதுவது.

முதலில் என் எழுத்துக்கு மன்னிக்க வேண்டும். ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். மேசை ஆடவில்லை, கைதான் ஆடுகிறது. அறுபத்தேழு வயதில் பேனா பிடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மாலை வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார். 'ழ' வரும் இடமெல்லாம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது எனக்குப் பிடித்த எழுத்து. இங்கே நான் சௌக்கியம். நீங்களும் என் மகளும் சௌக்கியம் என்று நேற்றுதான் போனில் சொன்னீர்கள். ஆனாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டுமாம், அதனால் கேட்கிறேன்: சௌக்கியமா?

"வேலையை விட்டுட்டு இங்கயே வந்துடுங்க மாமா, உங்களுக்குன்னு ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்று நீங்கள் சொன்னதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன். வர முடியாது. கோபப்பட வேண்டாம். காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான காரணம்.

நான் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். இத்தனை வருஷமும் பெட்டியின் நிறத்தையும் கனத்தையும் வைத்தே எடுத்துக் கொடுத்தேன், ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. போன மாதம் நிர்வாக அதிகாரி வந்து, "கிடங்குக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு? வேணுங்கிறவங்க வேணுங்கிறதை எடுத்துக்கட்டும்" என்றார். கம்ப்யூட்டர் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியரம்மாதான் குறுக்கே வந்து, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்தை வெள்ளிக்கிழமை திறக்கறோம் சார். அதுவரைக்கும் ஐயாவோட வேலையைப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார். என் வேலை நிற்குமா போகுமா என்பது அந்த ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து மாட்டிக்கொண்டது.

அன்றைக்கே அந்த அம்மா ஒரு வெள்ளை அட்டையை என் கையில் கொடுத்தார். "ஐயா, இப்பத்தான் உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமே! எந்த மாட்யூல் எதுக்குன்னு எழுதி அலமாரிக் கதவுல மாட்டிடுங்க" என்றார். மாப்பிள்ளை, நான் எழுதி மற்றவர்கள் படிப்பதா! இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

மாட்யூல் என்பது விரல் நீளத்தில் ஒரு தகரக் கட்டை. கம்ப்யூட்டர் லைன் வரும் பெட்டியில் அதைச் சொருகினால், கரண்டை வெளிச்சமாக்கிக் கண்ணாடி இழை வழியாக அனுப்பும். அந்தப் பக்கம் இன்னொரு கட்டை வெளிச்சத்தை வாங்கி மறுபடியும் கரண்டாக்கும். இதுவரை எனக்குப் புரிந்தது. இதற்கு மேல்தான் தலை சுற்றுகிறது. கறுப்புப் பிடி உள்ளது முந்நூறு மீட்டர் போகும், அதற்கு ஆரஞ்சு இழை. நீலப் பிடி உள்ளது பத்து கிலோமீட்டர் போகும், அதற்கு மஞ்சள் இழை. ஆரஞ்சுக்குள்ளே வழி அகலம், மஞ்சளுக்குள்ளே வழி ஒடுக்கம். அகலமான வழியில் வெளிச்சம் முட்டி மோதிக்கொண்டு போவதால் சீக்கிரமே களைத்துவிடுமாம், ஒடுக்கமான வழியில்தான் நேராக ரொம்ப தூரம் போகுமாம். "அகலமா இருந்தா தானேம்மா வசதி?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அந்த அம்மா பொறுமையாக விளக்கினார், மூன்று தடவையும் நான் தலையை ஆட்டினேன். இன்னும் பிடிபடவில்லை. இது போதாதென்று எண்பது கிலோமீட்டர் போவது ஒன்று. அதைப் பக்கத்து அறைக்குப் போட்டால் எதிர்ப்பக்கத்து மாட்யூலின் கண்ணே அவிந்துபோகுமாம், வெளிச்சம் அவ்வளவு பலம். உங்கள் பெரியப்பா போனில் பேசுவது எனக்கு ஞாபகம் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டவும் வேண்டாம்.

கடைசி வகைதான் வினை. மற்ற வகைக்கெல்லாம் போக ஓர் இழை, வர ஓர் இழை வேண்டும். ரோட்டுக்கு அடியில் இழைகள் குறைவாக இருந்ததால், போவதும் வருவதும் ஒரே இழையில் நடக்கும்படியான மாட்யூல் வாங்கியிருந்தார்கள். எட்டுப் பை, பைக்கு இரண்டு, மொத்தம் பதினாறு. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல நீலப் பிடி. முன்பென்றால் அப்படியே தூக்கிக் கொடுத்திருப்பேன். இப்போதுதான் படிக்கத் தெரியுமே, லேபிளைப் படித்தேன். ஒன்றில் 'டி 1270, ஆர் 1330' என்று இருந்தது. அதே பையில் இருந்த இன்னொன்றில் 'டி 1330, ஆர் 1270' என்று இருந்தது. அடுத்த பையைப் பிரித்தேன், அதிலும் அப்படியே. எட்டுப் பையிலும் அப்படியே! கடைக்காரனுக்குப் பொறுப்பு என்பதே கிடையாதா, ஆஸ்பத்திரிச் சாமானை இப்படியா கலந்து அனுப்புவது என்று எனக்கு வந்த கோபத்தில், மத்தியானம் உட்கார்ந்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். பதினாறையும் கொட்டி, அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதை ஒரு பையில் இரண்டிரண்டாகப் போட்டு, அட்டையிலும் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "ஒரே மாதிரி உள்ளதை ஒரே மாதிரி உள்ளதோடு மட்டும் சேர்க்கவும்."

புதன்கிழமை லைன் போடும் ஆட்கள் வந்து அட்டையைப் படித்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எழுதியபடியே செய்தார்கள் மாப்பிள்ளை! என் எழுத்துக்கு நாலு பேர் கீழ்ப்படிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எட்டு லைனில் ஒன்றுகூட வரவில்லை.

வியாழக்கிழமை காலைக்குள் இழையை மாற்றினார்கள், பெட்டியை மாற்றினார்கள், துடைத்தார்கள், ஊதினார்கள். எல்லாரும் 'அவசரம்' என்று கூப்பிடும் டெக்னீஷியன் என்னிடம் வந்து, "பெருசு, கலந்துட்டியா?" என்றான்.

"கலந்தது கடைக்காரன்டா. நான் சரிப்படுத்தி வெச்சிருக்கேன்."

"எல்லாம் ஒண்ணுதான் பெருசு, 1270ம் 1330ம் எல்லாத்துலயும்தான் இருக்கு."

"நீ ஓட்டமா ஓடிக்கிட்டே படிக்கிறே. எது முன்னாடி, எது பின்னாடின்னு பாரு" என்று சொல்லி, நியாயம் கேட்க நேராக இன்ஜினியரம்மாவிடமே போனேன். ஒரு பையைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். "இது டி 1270, ஆர் 1330. இதோட ஜோடியும் டி 1270, ஆர் 1330. அச்சு அசல். எங்கம்மா தப்பு?"

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். அழுகிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் பயந்துபோனேன். "ஐயா, டின்னா அனுப்புறது, ஆர்னா வாங்குறது, நம்பர் வெளிச்சத்தோட அலைநீளம், நிறம் மாதிரி. ரெண்டு பேரும் 1270ல பேசிட்டு, ரெண்டு பேரும் 1330க்குக் காது குடுத்துட்டு உட்கார்ந்திருந்தா யாருக்கு என்ன கேக்கும்? ஒருத்தர் பேசுறதை இன்னொருத்தர் கேக்கணும்னா மாறித்தான் இருக்கணும்" என்றார்.

அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. கறுப்புக்குக் கறுப்பு ஜோடி, நீலத்துக்கு நீலம் ஜோடி, இதற்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஆனால் என் மாமியார் வீட்டுச் சண்டை ஒன்றுக்கு அன்றைக்குத்தான் எனக்கு விளக்கம் கிடைத்தது. படிக்கத் தெரியாத காலத்தில் இந்தத் தப்பு என்னால் நடந்திருக்கவே நடந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்தே நிமிஷத்தில் மாற்றிச் சொருகினோம். எட்டும் பச்சையாக எரிந்தது. வெள்ளிக்கிழமை புதுக் கட்டடத்தில் எடுத்த எக்ஸ்ரே பழைய கட்டடத்து டாக்டர் மேசைக்குத் தடங்கலில்லாமல் வந்தது. தப்பு என்னுடையது என்று அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். இன்ஜினியரம்மா கூடவே வந்து, "லேபிளைக் கடைசி எழுத்து வரைக்கும் படிச்ச ஒரே ஆள் இவர்தான் சார்" என்றார். அதிகாரி "சரி, இருக்கட்டும்" என்றார். அதனால்தான் வர முடியாது என்கிறேன். நான் இல்லாவிட்டால் இங்கே ஜோடி தெரிந்து எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

என் மகளுக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும்படி வாழ வேண்டும். அடுத்த வாரம் இதே கிழமை மறுபடியும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் இன்ஜினியரம்மா இறங்கி வந்தார், முகம் சரியில்லை. ரோட்டுக்கு அடியில் புதிதாக நிறைய இழை போடப் போகிறார்களாம். இனி வாங்குவதெல்லாம் ஒரே வகை, எதை எதோடு வேண்டுமானாலும் சொருகலாமாம், யாராலும் தப்புச் செய்யவே முடியாதாம். அதிகாரி கொடுத்ததாக ஒரு காகிதத்தை நீட்டினார். "நான் படிச்சுக் காட்டட்டுமா ஐயா?" என்றார். வேண்டாம் என்று வாங்கி நானே படித்தேன். என் பெயருக்கு வந்து நானே படித்த முதல் கடிதம் மாப்பிள்ளை. கால் மணி நேரம் ஆயிற்று, ஓர் எழுத்துக்கூட விடவில்லை. செவ்வாய்க்கிழமையோடு வேலை முடிகிறது என்று இருக்கிறது, மூன்று இடத்தில் நன்றி என்று இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிட்டு அந்த ரூமைப் பெருக்கி வைக்கவும். அடுத்த வாரக் கடிதத்தைத் தபாலில் எதிர்பார்க்க வேண்டாம். எழுதிக் கையோடு கொண்டுவருகிறேன். நானே வாசித்துக் காட்டுகிறேன், நீங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.