கம்பளிக்குள் வந்த உயிர்

அந்த மாதம் வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவர்களில் பாதிப் பேர் தொலைந்துபோன உயிரைத் தேடி வந்தவர்கள். ஹட்டனிலிருந்து வந்தார்கள், றொசல்லவிலிருந்து வந்தார்கள். நெஞ்சில் தையல் போட்டவர், குழாய் வைத்தவர், ஒன்றுமே இல்லாமல் சும்மா கூட்டம் பார்க்க வந்தவர், எல்லாரும் மூச்சிரைக்க மலையேறினார்கள். மேலே, தேயிலைத் தோட்டம் கைவிட்ட பழைய கொழுந்து மடுவத்துக் கொட்டகையில், ஜனார்த்தன சுவாமிகள் உயிரை வரவழைத்து எடை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், எடைதான்! கொழுந்து நிறுத்த அதே தொங்கு தராசில், கொக்கிக்கு ஒரு பலகையைக் கட்டி, ஆளைக் கம்பளி போர்த்தி ஊஞ்சல் மாதிரி உட்கார வைத்து!

சாமியின் விளக்கம் இது: "பைபாஸ் பண்றப்போ டாக்டருங்க இதயத்தையே நிறுத்திப்புடுறாங்க. அப்ப உயிரு எங்க போகும்? ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல போயி நிக்கும். அது திரும்பி வர்றதுக்குள்ள தையல் போட்டு மூடிடுறாங்க. பாதி உள்ள, பாதி வெளிய! ஞாபகமெல்லாம் வெளிய நின்ன பாதியிலதான் இருக்கு."

கூட்டத்துக்குப் புல்லரித்தது. இதையெல்லாம் உமக்கு யார் ஐயா சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாடி அவ்வளவு நீளம்!

சண்முகவடிவு முப்பது வருஷமாகக் கொழுந்து பறிப்பவள். அவள் கணவர் சோலைமலைக்கு நாலு மாதத்துக்கு முன்பு கண்டியில் பைபாஸ் நடந்தது. நெஞ்சு தேறிவிட்டது. ஞாபகம்தான் படுத்தியது. பேத்தியைக் கூப்பிட வாயைத் திறப்பார், பேர் வராது, கண் கலங்கி நிற்பார்.

டிக்கோயா கிளினிக் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்குக் கொஞ்ச மாசம் இப்படி இருக்கும், அநேகமா தெளியும். ஆனா பல வருஷத்துக்கு மூளை நல்லா இருக்கணும்னா பிரஷர், சீனி, கொழுப்பு மூணும் அடக்கமா இருக்கணும். மாத்திரைய விட்டுறாதீங்க. விட்டா மூளைக்குப் போற குழாய் அடைச்சுக்கிட்டு, இருக்கிற ஞாபகமும் போயிரும்."

அநேகமா, கொஞ்ச மாசம் என்றெல்லாம் இழுத்தால் யாருக்குப் பிடிக்கும்? சாமி, "இன்னைக்கே!" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "மாத்திரை வாடை இருந்தா உயிரு கிட்ட அண்டாது."

அன்றோடு சோலைமலை மாத்திரையை நிறுத்தினார். முதல் தடவை தராசில் அறுபத்தொரு கிலோ இருந்தவர், பூசை முடிந்ததும் அறுபத்து மூன்றரை. அரோகரா என்று கூரை அதிர்ந்தது. எட்டாம் நாள் திரும்பிப் போனால், பழையபடி அறுபத்தொன்று.

"பாத்தியா, தங்காம நழுவிருச்சு," என்று சாமி உச்சுக்கொட்டினார். "இன்னும் மூணு வாட்டி உக்காரணும். அதுவரைக்கும் மாத்திரை கூடாது."

"என்னாங்க, கும்புடுறேன், மாத்திரைய மட்டும் போட்டுக்கங்க," என்று சண்முகவடிவு கெஞ்சினாள். எட்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் மனுஷர் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால் மூக்கருகே விரலை வைத்து மூச்சுப் பார்த்தாள்.

"நீ என்னா டாக்டரா? பேத்தி பேரு வேணும் எனக்கு!" என்று எரிந்து விழுந்தார்.

மறுபடி பூசை நடந்தது. தடித்த கம்பளியைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். மந்திரம் சொல்லிச் சொல்லி ஏழு செம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றினார்கள். முள் நகர்ந்தது. அறுபத்து மூன்றரை! அவர் இறங்கியதும் சண்முகவடிவு கம்பளியைக் கழற்றிக் கையில் வாங்கினாள்.

வாங்கிய கையில் அது கல்லாகக் கனத்தது.

மழை நாளில் ஈரக் கொழுந்தைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அது. ஈரத்தில் எடை கூடும் என்று சொல்லித்தானே மடுவத்தில் தண்ணிக்கென்று ரெண்டு கிலோ வெட்டுகிறார்கள்? அந்த வெட்டுக்காகக் கணக்கப்பிள்ளையோடு தொண்டை கிழியச் சண்டை போடாதவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது உண்டா? அத்தனை பேரும்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

சண்முகவடிவு பக்கத்தில் நின்ற கௌசியைக் கூட்டிக்கொண்டு பின்னால் இருந்த சாமியின் மடப்பள்ளிக்குப் போய், காலியான கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்தாள். அவளோடு கொழுந்து பறிக்கிற கௌசிக்கு இந்த மாதிரி வேலை என்றால் கொள்ளைப் பிரியம்.

"சாமி, இதுலயும் உயிரு போயிருச்சு. கொஞ்சம் அழைச்சுக் குடுங்க."

"சிலிண்டருக்கு ஏதும்மா உயிரு?"

"இல்லல்ல? அப்ப எடை கூடாதுல்ல? கூடலைன்னா இந்த இடத்திலயே உங்க கால்ல விழுறேன்."

"தெய்வக் குத்தம்!" என்றார் சாமி.

"செஞ்சுதான் பாப்போமே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டத்துக்கு வேடிக்கை என்றால் சாமியே இரண்டாம் பட்சம்தான்.

வரிசையில் அடுத்து நின்றவரின் காய்ந்த கம்பளியைச் சிலிண்டருக்குச் சுற்றிப் பலகையில் வைத்தார்கள். கௌசி முள்ளைப் பார்த்து, "பதினஞ்சு கிலோ!" என்று கூவினாள். சண்முகவடிவு ஏழு செம்புத் தண்ணீரை ஊற்றினாள், மந்திரத்தை மட்டும் விட்டுவிட்டு. கௌசி மறுபடி பார்த்தாள்.

"பதினேழரை! அடியாத்தே, சிலிண்டருக்கும் ரெண்டரை கிலோ உயிரு வந்துருச்சுடி!"

ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள், பிறகு மடுவமே சிரித்தது. சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் சுவாமிகளைக் காணோம். பின்பக்கமாக இறங்கி ஸ்டேஷனுக்கு ஓடியவரை நாலு பெண்கள் மறித்து, ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டே பொலிசுக்குக் கூட்டிப் போனார்கள்.

சோலைமலைக்குத் தலை நிமிரவில்லை. "நான் முட்டாளாயிட்டேனா வடிவு?"

"பயந்துட்டீங்க. நானுந்தான் பயந்தேன். இந்தாங்க, மாத்திரை."

மறுநாளே அவரை டிக்கோயாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிரஷர் எகிறிக் கிடந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கை கால் விழுந்திருக்கும்," என்று டாக்டர் இருவரையும் ஏசினார். அந்த ஏச்சு அவளுக்கு இனித்தது.

ஞாபகம் வந்ததா என்று கேட்கிறீர்களா? மெதுவாகத்தான் வருகிறது. சில நாள் பேத்தியின் பேர் சட்டென்று வரும், சில நாள் பேத்தியே எடுத்துக் கொடுப்பாள். ஆள் இருக்கிறார், நடக்கிறார், மாத்திரை போடுகிறார்.

ஆனால் அந்தக் கூட்டத்தைக் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. கணக்கப்பிள்ளை ரெண்டு கிலோ வெட்டினால் சட்டையைப் பிடிக்கத் தெரிகிறது உங்களுக்கு. சாமி ரெண்டரை கிலோ கூட்டிக் காட்டினால் மட்டும் ஏன் ஐயா கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள்?