மூன்று கான் தண்ணீரும் ஒரு மோட்டார் சைக்கிளும்

ஓரிடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். (வைத்தியரிடம் காட்டியாயிற்று. தோல் வருத்தம் இல்லையாம்.) கொக்கிளாயில் வலை இழுத்தேன், வவுனியாவில் மேசனுக்குக் கல் சுமந்தேன். படிப்பு ஏழாம் வகுப்பு. அதன்பிறகு பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாக இடம்பெயர்ந்துவிட்டோம். அந்த வருடம் கண்டாவளையில் அக்கா அத்தான் வீட்டில் இருந்தேன். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஊர் விளையாட்டுக் கழகம் ஒரு போட்டி வைத்தது. இருபது லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றில் வாய்வரை ஒரு ரூபாய் நாணயக் குத்திகள். எத்தனை என்று கிட்டமுட்டச் சொல்பவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அது கிடைத்தால் அன்றைக்கே ஊரைவிட்டுப் புறப்பட்டுவிடலாம்.

மற்றவர்கள் கானைச் சுற்றிநின்று கண்ணால் மதிப்பிட்டார்கள். நான் விஞ்ஞானி. ஒரு சுண்டுக்குள் (அரிசி அளக்கிற தகர ரின்தான்) எத்தனை குத்தி, ஒரு கானுக்குள் எத்தனை சுண்டு தண்ணீர். இரண்டையும் பெருக்கினால் மோட்டார் சைக்கிள்.

தேத்தண்ணிக் கடையில் தாள்காசைக் குத்தியாக மாற்றிவந்து சுண்டை நிரப்பினேன். முந்நூற்றுப் பத்து. அடுத்தது கான். வீட்டுக் கிணறு உவர். குடிதண்ணீர் நாலு நாளுக்கு ஒருமுறை வாகனத்தில் வரும். முதல்நாள்தான் அக்கா மூன்று கான் வாங்கி வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து, சுண்டு சுண்டாக அளந்து கத்தரிக்கன்றுகளுக்கு ஊற்றினேன். (ஏன் வாளிக்குள் ஊற்றவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். அப்போது ஒருவரும் கேட்கவில்லை.) முப்பதில் ஆடு வந்து முட்டியது, எண்ணிக்கை போயிற்று. இரண்டாவது கானில் வவுனியாக் கூட்டாளி போன் எடுத்தான்.

"எங்கையடா நிக்கிறாய்?"

"நாப்பத்தாறில."

"அது எந்தப் பக்கம்?"

விளக்கி முடிக்க அந்தக் கணக்கும் போயிற்று. மூன்றாவதில்தான் வென்றேன். வயலிலிருந்து அக்கா வந்தாள்.

"என்னடா செய்யிறாய்?"

"கணக்குப் பாக்கிறன்."

"குடிக்கிற தண்ணியிலயோ?"

"முடிஞ்சுது அக்கா. எழுபத்தொன்பது சுண்டு."

"ஓம், எல்லாந்தான் முடிஞ்சுது."

குத்திகள் இருந்த சுண்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல், வெறும் கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனாள்.

நான் எழுதிக் கொடுத்தது 24,490. கானில் இருந்தது 19,803. பரிசு 19,750 என்று எழுதிய அக்காவுக்கு.

"எப்பிடி அக்கா?"

"நீ அரிசி அளக்கிற மாதிரிக் காசைக் கோபுரமாக் குவிச்சு வச்சிருந்தனி. தண்ணி குவியுமோ? நான் உள்ளங்கையால வழிச்சுப்போட்டு எண்ணினன். இருநூற்றைம்பது."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"தொண்டை வறண்டுபோய் இருந்தது."

அக்காவுக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. அத்தானின் வலக்கால் சண்டையில் போய்விட்டது. ஆகவே ஓட்டுநர் நான், திறப்புச் சாவி அக்காவிடம். கேட்டால் மறுக்கமாட்டாள். "எங்கையெண்டாலும் போ. வரேக்க ரெண்டு கான் கொண்டு வா" என்பாள். தண்ணீருக்காகத் திரும்பித் திரும்பி வந்து ஆறு வருடமாகிவிட்டது.

போன மாதம் அக்காவின் மகள் கல்யாணமாகிக் கனடாவுக்குப் புறப்பட்டாள். விமான நிலைய வாசலில் எல்லோரும் அழுதுகொண்டு நிற்க, அத்தான் ஊன்றுகோலில் சாய்ந்தபடி சொன்னார்: "பிள்ளை, வரேக்க ரெண்டு கான்."