ஃபாதரால் தூக்கிக் கொடுக்க முடியாத பரிசு

என் அக்காள் பெற்ற அருமைச் செல்வமும், ஊர் உலகத்துக் காதுகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தே பேர் வாங்கியவளும், நான் தட்டுத்தடுமாறிப் படித்துத் தேறிய அதே இயேசு சபைப் பல்கலைக்கழகத்தில் மெடலே வாங்கி என் மானத்தையும் சேர்த்து வாங்கியவளுமான மருமகளுக்கு, உன் தாய்மாமன் வாய் நிறைய வாழ்த்தி எழுதுவது.

நான் இங்கே சிங்கம் போல இருக்கிறேன். உன் அத்தையும் நலம் என்றுதான் அவள் உதட்டசைவு சொல்கிறது. கொஞ்ச நாளாக ரொம்ப மெதுவாகப் பேசுகிறாள். அவள் மட்டுமல்ல, உலகமே ரகசியம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண்கூடப் பக்கத்து வீட்டு வம்பைச் சொல்வது போல முணுமுணுக்கிறாள். வாசல் பெல்லும் செத்துப்போய்விட்டது, மாற்ற வேண்டும். உன் போனிலும் ஏதோ கோளாறு. நீ பேசினால் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலவே இருக்கிறது. நல்ல வேளை, "மாமா, ஃபாதர் காது மிஷினை வச்சுக்கிட்டாரா, இல்ல அதையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டாரா?" என்று மெசேஜில் கேட்டாய். பழைய மாணவர் கூட்டத்துக்கு லீவு கிடைக்காமல் போன உனக்கு இரண்டு வரியில் பதில் எழுதினால் அது வரலாற்றுக்குச் செய்கிற துரோகம். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் உன் மனசு கிடந்து அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக முடிவை முதலிலேயே போட்டு உடைக்கிறேன். வச்சுக்கிட்டாரடி! உன் மாமன் ஜெயித்துவிட்டான்!

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் போரில் ஜெயித்தவன் தோற்ற போர்களையும் ஒரு தடவை சொல்லிக்காட்டாவிட்டால் ஜெயித்த சோறு செரிக்காது. எங்களுக்கு ஹாஸ்டல் வார்டனாகவும், உங்கள் காலத்தில் தர்க்கவியல் பேராசிரியராகவும் இருந்த நம் ஃபாதர், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று சபையில் சேரும்போது வார்த்தைப்பாடு கொடுத்தவர். மற்ற ஃபாதர்களும் கொடுத்தவர்கள்தான். அவர்கள் சபைப் பொருள் என்று சொல்லி ஒரு நாற்காலியில் சாய்ந்தாவது உட்காருவார்கள். நம்மவருக்கு ஒரு பொருள் கைக்கு வந்தால் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும். அதை யார் தலையிலாவது கட்டுகிற வரைக்கும் நிலைகொள்ளாது. எங்கள் செட்டுக்கோ அவருக்கு ஏதாவது கொடுக்காவிட்டால் தூக்கம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த யுத்தத்தில் சாம்ராஜ்யங்கள் சரிந்திருக்கின்றன.

முதலில், நான் என் சோபாக் கடையிலிருந்தே ஒரு சாய்வு நாற்காலி அனுப்பினேன். அதில் உட்கார்ந்தால் ஏழு தலைமுறை முதுகுவலி போகும். அடுத்த கூட்டத்துக்குப் போனால் கேட்டில் வாட்ச்மேன் அதில் கால்மேல் கால் போட்டுச் சக்கரவர்த்தி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "எந்த பேட்ச் நீங்க?" என்று என்னையே விசாரிக்கிறார். சரி, பேர் போட்ட பொருளை எப்படிக் கொடுப்பார் என்று, உன் அத்தையை விட்டு நெஞ்சு முழுக்க அவர் பேர் வருகிற மாதிரி ஒரு ஸ்வெட்டர் பின்னச் சொன்னோம். ஒரு மைல் தூரத்திலிருந்து படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. அதை லைப்ரேரியன் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு புஸ்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபாதரிடம் போய் நின்றோம். "பேர் உள்பக்கம் இருந்தா குளிருக்குத் தெரியவா போகுது?" என்று தர்க்கவியல் பேசினார். படகு சைஸில் இருக்கிற அவர் காலுக்கு அளவெடுத்து ஷூ தைத்தோம். இந்தப் பூமியில் அந்தப் பாதத்துக்கு இணை கிடையாது என்று நினைத்தோம். வாலிபால் கோச் என்று ஒருவர் அதே படகுக் காலோடு புதிதாக வேலைக்கு வந்து சேர்ந்தார்.

கடைசியாக எங்கள் செட்டின் இன்ஜினியர் குண்டூசி (அப்போது ஒல்லி, இப்போது அவன் காரில் ஏறினால் கார் ஒரு பக்கம் கும்பிடு போடுகிறது) ஒரு யோசனை சொன்னான். கழற்றவே முடியாத மாதிரி, அவர் அறைச் சுவரிலேயே ஒரு கடிகாரத்தைச் சிமென்ட் வைத்துப் பதித்தோம். எதிரியை மடக்கிவிட்டோம் என்று தோளில் தட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். அவர் அறையையே கொடுத்துவிட்டார்! நேரத்துக்கு எழுந்திருக்க முடியாமல் திண்டாடிய ஒரு இளம் ஃபாதரை அங்கே குடிவைத்துவிட்டு, இவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்துக்குப் போய்விட்டார். "அவனுக்குத்தாம்பா மணி தெரியணும். எனக்கு என்ன, அதான் கோயில் மணி அடிக்குதே" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் இடிபோல அந்தச் செய்தி வந்தது. ஃபாதருக்கு வயசாகிவிட்டது, காதும் மந்தம், அதனால் சபையின் வயோதிகர் இல்லத்துக்கு மாற்றல். தூரமோ தூரம். சபைத் தலைமை சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதுவும் ஒரு வார்த்தைப்பாடு. செய்தி கேட்டதும் குண்டூசி என் கடைக்கு வந்து புது சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான். சோபா அழுதது. அவனும் அழுதான்.

"வாழ்நாள் பூரா நமக்குன்னு இருந்த மனுஷன்டா. வெறுங்கையோட போகப் போறாரு. நாம குடுத்தது ஒண்ணாவது அவர்கூடப் போக வேணாமாடா?"

அவன் அதைக் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினான். எதற்கு அப்படிக் கத்தினான் என்று தெரியவில்லை, துக்கமாக இருக்கும். ஆனால் அவன் சொன்னது நெஞ்சில் தைத்தது. அன்றைக்குச் சபதம் எடுத்தேன், மருமகளே. இது கடைசிக் கூட்டம். அவர் தூக்கிக் கொடுக்கவே முடியாத ஒரு பொருளை அவர் கையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. காது மிஷின்! காதுக்குள் உட்காருகிற பகுதியை அவரவர் காதில் அச்செடுத்துத்தான் செய்வார்கள், ஒருத்தர் அச்சு இன்னொருத்தருக்குச் சேராது என்று நீ ஒரு தடவை சொன்னாயே, அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீ நேரில் போய் ஃபாதர் காதில் அச்செடுத்ததும், அதற்கு முன்னால் ராஜா சாப்பிடும் முன் ஒருத்தன் ருசி பார்ப்பது மாதிரி "முதல்ல என் காதுல எடுத்துக் காட்டு, பத்திரமான்னு நான் பார்க்கணும்" என்று உன் கிளினிக்கில் வந்து நான் உட்கார்ந்ததும் சரித்திரம். அந்தப் பசை காதுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. அப்புறம் கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னாய். அம்மாடி, அந்த மிஷினை மாற்றிவிடு. பாதி நேரம் சத்தமே வரவில்லை. நான் சும்மா பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீயும் அத்தையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டீர்கள். மிஷின் பழுது என்று வெட்கமாக இருந்திருக்கும். தொழிலில் இதெல்லாம் சகஜம்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். மைதானத்து மரத்தடியெல்லாம் கார். ஹாலில் ஈ நுழைய இடமில்லை. வழுக்கைகளின் பளபளப்பில் லைட் போடாமலேயே வெளிச்சம். சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து வரவேற்புரை ஆற்றினார், ஆனால் மைக் வேலை செய்யவில்லை. "சத்தமா பேசுய்யா!" என்று நான் எழுந்து கர்ஜித்தேன். ஹாலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது, எல்லோர் மனதிலும் இருந்ததை நான் ஒருவன் சொன்னேன் என்ற சந்தோஷம். மேடையில் ஃபாதர், காலர் தேய்ந்த அதே வெள்ளை அங்கியில், இளைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா, எங்கள் ஹாஸ்டலில் சாயந்தரமானால் சாப்பாட்டு ஹால் வாசலில் அவர் நிற்பது? சபையில் ஒரு வழக்கம் உண்டே, நாள் முடிகிறபோது அந்த நாளைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது. கோயிலில் கண்ணை மூடச் சொன்னால் நாங்கள் குறட்டை விடுகிறோம் என்று, அதை அவர் சாப்பாட்டு ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டார். கதவில் கையை ஊன்றி வழிமறிப்பார். "இன்னிக்கு யார் பேச்சைக் காது குடுத்துக் கேட்டே?" பதில் சொன்னால்தான் தட்டு. நான் தினமும் ஒரே பதில்.

"உங்க பேச்சைத்தான் ஃபாதர்."

"நான் இன்னிக்கு உன்கிட்ட பேசவே இல்லையேடா."

"அதான் ஃபாதர், நீங்க பேசாததைக்கூட கேட்டேன்."

சிரித்துக்கொண்டே கையை எடுப்பார். நான் உள்ளே பாய்வேன்.

அந்த மனிதர் கையில் பெட்டியை வைத்தேன். திறந்தார். பார்த்தார். உடனே பழைய வியாதி ஆரம்பித்துவிட்டது! பருந்து மாதிரிக் கூட்டத்தை நோட்டம் விட்டார். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர் கண் வரிசை வரிசையாக மேய்ந்தது. குண்டூசி என் கையைப் பிடித்து நசுக்கினான். "ஃபாதர், உங்க காது அச்சு அது! வேற ஒரு ஜீவனுக்கும் பொருந்தாது!" என்று முழங்கினேன். அவர் பார்வை சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் என் மேல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அத்தனை நன்றி அந்தப் பார்வையில். பிறகு மிஷினை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார். ஹால் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். அது எனக்கே நன்றாகக் கேட்டது.

உடனே எங்கள் பழைய மாணவர் பாடகர் குழு மேடையேறியது. தனிக்குரல் உன் மாமன்தான், வேறு யார்? அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். புறாக்கள் பறந்தன. ஃபாதர் ரொம்ப வருஷத்துக்கப்புறம் எங்கள் பாட்டை முழுசாகக் கேட்கிறார். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். கலைக்கு அந்தச் சக்தி உண்டு. பாட்டு முடிந்ததும் பக்கத்தில் அழைத்து, என் தோளைப் பிடித்து, என்னவோ கேட்டார். பெரியவர்கள் எது கேட்டாலும் நான் மறுக்கிறவன் இல்லை. "கண்டிப்பா ஃபாதர்! சந்தோஷமா!" என்றேன். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. உன் அத்தை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் மனசு இளகியது.

ஆக, மருமகளே, தோற்ற கதையெல்லாம் முடிந்தது. நாம் கொடுத்த ஒரு பொருள் அவர் காதிலேயே குடியேறி அவரோடு ஊர் போகிறது. உன் அம்மாவிடம், தம்பி ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துவிட்டான் என்று சொல். நம்பமாட்டாள், சத்தியம் செய். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைக்குக் கன்னம் வலிக்க முத்தம். உன் கைபட்ட காதுகளெல்லாம் நல்லதையே கேட்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி வாகை சூடிய,
உன் தாய்மாமன்

பி.கு.: உறையை ஒட்டியவன் மறுபடி கிழித்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்பாதே. நம்பமாட்டாய்தான். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, கள்ளி!

இன்று மதியம் உன் அத்தை வந்து என் தோளை உலுக்கினாள். வாசலில் ஃபாதர். இல்லத்துக்குப் போகிற வழியாம், கார் நிற்கிறது. ரொம்ப நேரமாக பெல் அடித்தாராம். உட்காரக்கூட இல்லை. என் தலையைச் சாய்த்துப் பிடித்து, சட்டைப்பையிலிருந்து எடுத்து, என் காதில் எதையோ மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. என் அச்சு! நேற்று உன் கிளினிக்குக்கு வந்து, மிஷினிலிருந்து தன் அச்சைக் கழற்றிவிட்டு, எனக்கு எடுத்த அச்சை மாட்டச் சொல்லி, சத்தத்தையும் என் காதுக்குத் தக்கபடி உன்னை வைத்தே திருத்தி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அச்சைக் கழற்றி மாட்டலாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

"ஃபாதர், இது அநியாயம்! உங்களுக்குக் குடுத்தது!" என்றேன். என் குரல் எனக்கே இடி மாதிரிக் கேட்டது.

"மேடையில உன்னைக் கேட்டுட்டுத்தானேடா குடுக்கிறேன். 'இதை உனக்குத் தரட்டுமா'ன்னேன். 'கண்டிப்பா, சந்தோஷமா'ன்னியே. ஊரே சாட்சி."

"அப்ப உங்களுக்கு, ஃபாதர்?" ஒரு தடவைக்கு மூன்று தடவை கத்தினேன்.

"நான் கேக்க வேண்டியதை நிறைய கேட்டாச்சு. அன்னிக்கு உன் பாட்டைக்கூட கேட்டுட்டேன்." கண் சிமிட்டினார். அந்தக் கண்ணீரின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு என் வீட்டு வாசல் நிலையில் கையை ஊன்றினார். எனக்குத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது. "இன்னிக்கு யார் பேச்சைக் காது குடுத்துக் கேட்டே?"

அந்தப் பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. உள்ளே அடுப்படியில் உன் அத்தை தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக இல்லை, மருமகளே. சாதாரணமாக. எப்போதும் போல.

"இன்னும் யாரையும் கேக்கலை ஃபாதர்" என்றேன்.

கையை எடுத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

அவருக்கு இன்னொன்று உடனே செய், அச்சு உன்னிடம்தான் இருக்கிறது. "செஞ்சாலும் அங்க பக்கத்து ரூம் தாத்தாவுக்குக் குடுத்துடுவாரு" என்கிறாள் உன் அத்தை. கொடுக்கட்டுமே. அதற்கப்புறம் இன்னொன்று செய்வோம். அந்த இல்லத்தில் ஒரு காது பாக்கி இல்லாமல் கேட்கிற வரைக்கும் செய்வோம்.

வாசல் பெல் நன்றாகத்தான் இருக்கிறது. உன் அத்தை ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ரொம்ப வருஷத்துப் பாக்கி போலிருக்கிறது. பேனாவை வைக்கிறேன். போய்க் கேட்க வேண்டும்.