தேத்தண்ணி வேண்டாம், பிளக் இருக்கோ?

பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த நம் மண்ணில் அண்மைக்காலமாக ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது. எண்ணெய் அடிக்காதோர் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் காண்பது சுலபம். பெற்றோல் செட்டைக் கடக்கும்போது காரை மெதுவாக்கி, உள்ளே நிற்பவர்களை அனுதாபத்தோடு பார்ப்பார்கள். நீங்கள் மழையைப் பற்றிப் பேசுங்கள், நெல்விலையைப் பற்றிப் பேசுங்கள், இரண்டாவது நிமிடத்தில் கதை அங்கேதான் வந்து நிற்கும்.

"எனக்கென்ன, வயரைக் குத்தினா ஓடுது!"

பரந்தன் தவராசா இந்த இனத்தில் முதல்தரம். பிளக்கிலும் பெற்றோலிலும் ஓடும் அந்தக் காரை இரண்டு ஏக்கர் வயலை விற்று வாங்கினார். வயல் வீண்போகவில்லை என்று மனைவி கமலேஸ்வரிக்கு நிரூபிப்பதே இப்போது அவருடைய முழுநேரத் தொழில். ஆறு மாதமாகத் தாங்கிக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் போனதில்லை.

வீட்டில் குத்தினால் கரண்ட் பில் ஏறுமே? அதனால் சொந்தக்காரர் வீடுகளில் குத்துவார். "தேத்தண்ணி போடட்டே அண்ணை?" என்று கேட்டால், "தேத்தண்ணி வேண்டாம், பிளக் இருக்கோ?" என்பார். யார்தான் இல்லை என்பார்கள்? ஆனால் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? ஒரு பெட்டி பிஸ்கற், ஒரு சீப்புக் கதலி, பிள்ளைகள் இருந்தால் ஐஸ்கிறீம், வருத்தக்காரர் இருந்தால் ஒரு சத்துமா டின்.

"இந்தக் காசுக்குப் பெற்றோலே அடிச்சிருக்கலாம்" என்பார் கமலேஸ்வரி.

"பிஸ்கற் எண்ணெய்க் கணக்கிலை வராதப்பா!"

போன மாதம் மல்லாவியில் தங்கை சிவனேஸ்வரியின் மகள் சாரங்கா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. தவராசா ஒரே தாய்மாமன். பதினொரு மணிக்குள் அவர்தான் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்க வேண்டும். சாரங்கா அவர் தோளில் வளர்ந்த பிள்ளை. இந்த ஒரு நாளுக்காகப் பட்டுவேட்டி வாங்கி வைத்திருந்தார்.

மாங்குளம் வரும்போதே பற்றறியில் சாச் இறங்கிவிட்டது.

"செட் முன்னாலை தெரியுது. இண்டைக்கு ஒரு நாள் அடியுங்கோவன்" என்றார் கமலேஸ்வரி.

"ஆறு மாதமாக் காப்பாத்தினதை அரை மணித்தியாலத்துக்காக உடைக்கச் சொல்லுறியோ? தர்சன் வீட்டிலை கொஞ்சம் குத்திப்போட்டுப் போவம்."

தர்சன் மைத்துனர் முறை. பிஸ்கற் பெட்டியைக் கண்டதும் குசினியில் புட்டு அவியத் தொடங்கியது. வீட்டு பிளக்கில் கரண்ட் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது. புட்டு முடிந்து, கலியாண அல்பம் முடிந்து, தர்சனுடைய முதுகு நோவின் வரலாறும் முடிந்த பிறகு தொலைபேசி அடித்தது. சிவனேஸ்வரி.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? நேரம் போகுது!"

"கிட்ட வந்திட்டன்!"

பிறகு மல்லாவி வீதியில் ஏசி இல்லை, கண்ணாடி இறக்கவும் விடவில்லை, காற்றுப் பிடித்தால் சாச் குறையுமாம். பட்டுச்சேலைக்குள் கமலேஸ்வரி அவிந்துகொண்டிருக்க, மல்லாவிக்கு மூன்று கட்டைத் தூரம் இருக்கும்போது கார் நின்றது. தாங்கி காய்ந்து கிடந்தது. சீர்த் தட்டத்தோடு, வழியில் வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, பதினொன்றரைக்குப் போய் இறங்கினார்கள்.

எல்லாம் முடிந்திருந்தது. நெடுங்கேணியிலிருந்து பழைய மோட்டார் சைக்கிளில் புகை கக்கிக்கொண்டு வந்த தவராசாவின் ஒன்றுவிட்ட தம்பி ஜெயந்தன், தாய்மாமன் இடத்தில் நின்று பாலறுகு வைத்துவிட்டான்.

"கொஞ்சம் பாப்பமெண்டு நான் கேட்டனான் மாமா" என்றாள் சாரங்கா, ஈரத் தலையோடு. "நேரம் முடியுதெண்டிட்டினம்."

தவராசாவுக்கு அழுகை வந்தது. பந்தலில் ஓரமாய்ப் போய் இருந்தார். விஷயம் அறியாத ஒருவர் கேட்டார்: "பரந்தனிலை இருந்து இவ்வளவு தூரம் வர எவ்வளவு எண்ணெய் முடிஞ்சுது அண்ணை?"

தவராசா கண்ணைத் துடைத்தார். நிமிர்ந்து இருந்தார்.

"ஒரு சொட்டும் இல்லை."

சிரிக்கிறீர்களா? உங்களிடம் அப்படியொரு கார் இல்லைதான். ஆனால் எதையோ மிச்சம் பிடிக்கப்போய், உங்களுக்காகக் காத்திருந்த ஒருவரைக் கைவிட்டுவிட்டு, பிறகு மிச்சத்தைப் பற்றியே ஊரெல்லாம் கதைத்த நாள் ஒன்றும் உங்கள் வாழ்வில் இல்லையா? யோசித்துப் பாருங்கள். பந்தலில் தவராசாவுக்குப் பக்கத்துக் கதிரை காலியாகத்தான் இருக்கிறது.