ரக்பி மைதானத்தில் ஒரு தாய்மாமன்

சோபாவில் உட்கார்ந்து விளையாட்டுப் பார்க்கிறவனுக்குத் தெரியாத விதி எதுவும் கிடையாது. நடுவர் தப்பு செய்தால் முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். கீழே விழுந்தவன் நடிக்கிறானா, நிஜமாகவே அடிபட்டிருக்கிறதா என்பதை டாக்டருக்கு முன்னால் அவன் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனைக் கிளப்பி ஓர் உண்மையான மைதானத்துக்குக் கூட்டிப்போவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அந்த ஆளே நான்தான்.

என் விளையாட்டு ரக்பி. (கிரிக்கெட்டாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.) வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில், கேபிள்காரர் தவறுதலாக விட்டுவைத்திருந்த ஏதோ ஒரு சானலில் முதன்முதலாகப் பார்த்தேன். நியூசிலாந்தில் மதிய ஆட்டம் என்றால் நமக்கு அது இட்லி நேரம். குவிண்டால் எடையுள்ள மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். நான் சட்னி தொட்டுக்கொள்வேன். இருபது வருடம் இப்படி நிம்மதியாகப் போயிற்று. நேரில் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. அதை ஆசையாகவே விட்டிருக்கலாம்.

இந்த ஞானத்தால் கெட்டவள் என் அக்கா மகள் கயல். பள்ளி விடுமுறையில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். காலேஜுக்குப் போனதும் அவள் சத்தமில்லாமல் ஒரு ரக்பி கிளப்பில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் 'ஸ்போர்ட்ஸ்' என்று மட்டும் சொல்லியிருந்தாள். அக்கா அதை ஷட்டில் என்று எடுத்துக்கொண்டாள்.

மாநில அணியின் பயிற்சி முகாமுக்குக் கயலைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் அப்பா சம்மதித்தால்தான் போக முடியும். அவள் அப்பா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர் சண்முகம் மாமா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் நிரூபிக்காமல் ஒப்புக்கொள்கிற வழக்கம் இல்லை. போனில் ரக்பி என்று தேடியிருக்கிறார். மூக்கு உடைந்தவர்கள், தோள்பட்டை இறங்கியவர்கள், ஸ்ட்ரெச்சரில் போகிறவர்கள் என்று வரிசையாக வந்திருக்கிறது. கடைசியில் தீர்ப்பை ஒத்திவைத்தார்: "நேர்ல ஒரு மேட்ச் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

அன்று மாலையே கயல் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஃபைனல். அப்பா வராரு. நீ அவர் பக்கத்துலயே உக்காந்துக்கோ. யாராவது என்னை இடிச்சாங்கன்னா, 'இது சாதாரணம்'னு சொல்லு. அவ்ளோதான் உன் வேலை."

"இது ஒரு வேலையா? நான் பாத்துக்கறேன், போ" என்றேன். மனிதர்கள் அழிவதற்கு முன்னால் இப்படித்தான் ஏதாவது சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடு இருக்கிற நீலசந்திராவுக்குப் போய் அவளையும் மாமாவையும் காரில் ஏற்றிக்கொண்டேன். அக்கா பெரிய பையோடு வந்தாள். சாப்பாடாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். உள்ளே பஞ்சு, மஞ்சள் தூள், க்ரேப் பாண்டேஜ், மருத்துவக் காப்பீட்டு அட்டை. வழி நெடுக நான் ரக்பியை விளக்கினேன். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். எண்பது நிமிடம். பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் பின்பக்கம்தான் எறிய வேண்டும்.

"முன்னாடி போகணும்னா பின்னாடி எறியணும்" என்றார் மாமா. "இது விளையாட்டா, நம்ம சில்க் போர்டு சிக்னலா?"

"கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வெச்சா அதுக்குப் பேரு ட்ரை, மாமா. அஞ்சு பாயிண்ட்."

"முயற்சிக்கே பாயிண்டா? என் கிளாஸ்ல கிடையாது."

மைதானம் ஏதோ ஒரு காலேஜுக்குச் சொந்தமானது. கேலரி என்பது வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டுப் படிகள். எங்களுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தது. பச்சைச் சட்டையில் கயல் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். இரண்டு அணியும் வந்து நின்றன. மாமா விரலை நீட்டி எண்ணினார்.

"மச்சான், பதினைஞ்சுன்னு சொன்னே. ஏழுதான் நிக்குது. மீதி எட்டு பேரு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்களா?"

ரக்பியில் ஏழு பேர் ஆடுகிற குட்டி வகை ஒன்று உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் அதைத்தான் ஆடுகிறார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் என் மருமகள் இரண்டு வருடமாக ஆடுவது எந்த ரக்பி என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வகையில் பாதி ஆட்டம் ஏழே நிமிடம். நான் மாமாவிடம் எண்பது நிமிடத்துக்குப் பொறுமை சேர்த்துவைக்கச் சொல்லியிருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் எதிரணி ஒரு ட்ரை வைத்துவிட்டது.

அடுத்த இடி உடனே விழுந்தது. நேரில் பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை. மறுஒளிபரப்பு இல்லை, திரையின் மூலையில் ஸ்கோர் இல்லை. விசில் அடித்தார்கள், ஏன் என்று சொல்ல ஆளில்லை. இருபது வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தது ரக்பியே இல்லை. ரக்பியைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்ப எதுக்கு விசில்?" என்று மாமா கேட்பார்.

"அது... ஒரு சின்ன தப்பு மாமா."

"யாரு பண்ணாங்க?"

"ரெண்டு பக்கமும்."

மாமா என்னைப் பார்த்த பார்வையை, காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவர்கள் அறிவார்கள். ஆனாலும் கொடுத்த வேலையை நான் விடவில்லை. கயலை யாராவது இடித்தபோதெல்லாம் "சாதாரணம் மாமா, சாதாரணம்" என்றேன். அக்கா ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். மாமா மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

கடைசி நிமிடம் வந்தது. கயலின் அணி நான்கு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. ஒரு ட்ரை வைத்தால் கோப்பை.

பந்து கயலிடம் வந்தது. எங்கள் பக்கக் கயிற்றை ஒட்டியே ஓடி வந்தாள். மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி, நல்ல உயரம், நேராக வந்து அவளை இடுப்போடு கட்டிச் சாய்த்தாள். எங்களுக்கு நேர் எதிரில். தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் வருவதில்லை. மாவு மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டால் வருமே, அது. அவள் மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். கயலின் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ தெறித்துப் புல்லில் விழுந்தது.

"ஐயோ, பல்லு!" என்று அக்கா அலறினாள். "முழு செட்டும் போச்சுடா! இனிமே எவன் கட்டிப்பான் அவளை?"

நான் "சாதாரணம்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே என்னை உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் அக்கா என் பக்கம் திரும்பி, கேலரி முழுக்கக் கேட்கும்படி அடுத்ததைக் கேட்டாள்: "பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே சேகரு! தாய்மாமன்னு எதுக்குடா இருக்கே?"

காது குத்தும்போது மடியில் உட்காரவைத்தவன், சடங்குக்குச் சீர்த்தட்டு சுமந்தவன் எவனாக இருந்தாலும் சொல்லட்டும்: நாலு பேர் முன்னால் இந்தக் கேள்வி வந்த பிறகு உட்கார்ந்திருக்க முடியுமா? எனக்குத் தெரிந்த அத்தனை விதிகளும் மறந்துபோயின. கயிற்றைத் தாண்டினேன். (தாண்டினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. கயிறு காலில் சிக்கி, தவழ்ந்தபடிதான் உள்ளே நுழைந்தேன்.) போய் அந்தப் பல் வரிசையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

எதையாவது படித்துவைத்திருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தப்பான நேரத்தில் ஞாபகம் வரும். விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப்போனால் டாக்டர் திரும்ப வைத்துவிடுவார் என்று எங்கோ படித்திருந்தேன். மைதானத்துக்குள் நின்று, கையை உயர்த்திக் கத்தினேன்.

"பால்! யாராவது பால் கொண்டாங்க!"

கேலரியிலிருந்து ஒரு குரல் பணிவாகப் பதில் சொன்னது: "டீதான் இருக்கு சார்!"

அந்த மஞ்சள் சட்டைப் பெண் எழுந்து கன்னடத்தில் கேட்டாள்: "அங்கிள், இல்லேனு மாட்தா இதீரா?" இங்கே என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாதபோது அவளுக்கு என்ன பதில் சொல்வது? "உனக்கு அக்கா தங்கச்சி இல்லையாம்மா?" என்றேன்.

இதற்குள் நடந்ததை மாமாதான் பிறகு எனக்கு விளக்கினார். கீழே கிடந்த கயல் பந்தைச் சரியாகத் தன் அணியின் பக்கம் வைத்திருக்கிறாள். அவள் தோழி ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு பறந்திருக்கிறாள். முன்னால் ஒருவரும் இல்லை. கோடு வரைக்கும் வெறும் புல். அந்தப் புல்லில் நான்.

அவள் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தால் ஜெயித்திருப்பார்கள். மரியாதை தெரிந்த வீட்டுப் பெண். பெரியவர் நிற்கிறாரே என்று சட்டென்று நின்று, "சாரி அங்கிள்" என்றாள். நடுவர் விசில் ஊதினார்.

கயல் எழுந்து வந்தாள். எல்லாப் பல்லும் இருந்தன. என் கையிலிருந்ததை வாங்கிச் சட்டையில் துடைத்து வாயில் பொருத்திக்கொண்டாள். பற்கள் உடையாமல் இருக்க எல்லா ஆட்டக்காரர்களும் மாட்டுகிற ரப்பர் உறை. இருபது வருடமாக, வாரா வாரம், திரை முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன்.

உறையை மாட்டிக்கொள்வதற்கு முன் அவள் ஒன்று சொன்னாள். மாமா என்று கூப்பிடவில்லை.

"அங்கிள், வெளிய போங்க."

யாரோ ஒருவரிடம் சொல்வதைப் போலச் சொன்னாள். இருவர் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது, பந்து மஞ்சள் அணிக்குப் போனது, வெளியே உதைத்தார்கள், முடிந்தது. பச்சைச் சட்டைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

கார் பக்கத்தில் கயல் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. கோப்பை போய்விட்டது. முகாமும் போய்விட்டது என்று அவளுக்கு நிச்சயம். எனக்கு அதைவிட நிச்சயம். கார்ச் சாவியைப் பார்த்தபடி நின்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தேன்" என்றார். "விழுந்தே. எழுந்தே. எழுந்த உடனே பந்து எங்கன்னுதான் பாத்தே. எனக்கு ஒரு பயமும் இல்ல. கேம்ப்புக்குப் போ."

கயல் நம்பாமல் அவரைப் பார்த்தாள்.

"ஆனா ஒரு கண்டிஷன்" என்றார் மாமா. "இனிமே எந்த மேட்சுக்கும் சேகர் வரக்கூடாது."

எங்கள் குடும்பத்தில் எந்த முடிவும் ஒரே நொடியில் ஒருமனதாக எடுக்கப்பட்டதில்லை. அன்று எடுக்கப்பட்டது. கயலுக்கும் முந்தித் தலையாட்டியது அக்கா.

அதன் பிறகு யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எனக்கு நிம்மதி கிடையாது. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் வழுக்கி விழுந்தார். விழுந்தவரை யாரும் பார்க்கவில்லை. பந்தி முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. "பால் வேணுமா மாமா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

கயல் இப்போது மாநில அணியில் ஆடுகிறாள். அக்காவும் மாமாவும் ஓர் ஆட்டத்தைக்கூட விடுவதில்லை. மாமா பச்சைச் சட்டை வேறு தைத்துக்கொண்டிருக்கிறார். பெங்களூரில் ஆட்டம் என்றால் அவர்களை நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். நிறையக் கெஞ்சிய பிறகு கயல் எனக்கு ஒரு சலுகை தந்தாள்: பார்க்கிங் வரைக்கும் வரலாம். மாமா உள்ளேயிருந்து போனில் வர்ணனை கொடுப்பார். எல்லாம் தப்புத் தப்பாக. திருத்தினால், "உனக்கு ரூல் தெரியாது மச்சான், சும்மா இரு" என்று வைத்துவிடுவார்.

போன ஆட்டத்திலும் அப்படித்தான் பாதியில் வைத்துவிட்டார். உள்ளே கூட்டம் எழுந்து கத்தியது. யாருக்காக என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். மாமாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

'ஜெயிச்சாச்சு. நீ இறங்காதே.'