கொக்கு சாரின் லீவு லெட்டர்கள்

வாத்துகளை வழியனுப்புவதற்காக லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவர், அந்நாளைய மதராஸ் ராஜதானியிலேயே கொக்கு சார் ஒருவராகத்தான் இருப்பார்.

மவுண்ட் ரோடில் ஒரு ஆபீஸில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். அவர் டெஸ்பாட்ச் செக்‌ஷன். ஆறடி உயரம், அதில் கழுத்தே ஒரு அடி. ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றி, மற்றக் காலில் நின்றபடியே நாளெல்லாம் கவர் ஒட்டுவார். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது. வைக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

மாசி பிறந்தால் லெட்டர் வந்துவிடும். "ஊசிவால் வாத்துகள் வடக்கே திரும்பும் அறிகுறிகள் தென்படுவதால், வியாழன், வெள்ளி இரு தினங்கள் லீவு அளிக்கும்படி பணிவுடன் கோருகிறேன்." எங்கள் சூப்பிரண்டு அதை உரக்கப் படிப்பார்.

"போன வருஷமும் இதுங்கதானேய்யா கிளம்பிச்சு?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்துது?"

"அதைத்தான் சார் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஆபீஸ் சிரித்து அடங்கக் கால் மணி நேரம் ஆகும். சூப்பிரண்டு மட்டும் சிரிக்காமல், லெட்டரில் கையெழுத்துப் போட்டு ஃபைலில் சேர்க்கச் சொல்வார்.

ஏரிக்கரையில் இந்த மனிதர் உண்மையில் என்னதான் செய்கிறார் என்று துப்பறிந்து வரும்படி, நண்பர்கள் ஒருமுறை என்னை அனுப்பினார்கள். நான் தியாகராய நகரில் ரூம் எடுத்திருந்தவன். அந்த நகர் எழும்ப விட்டுக்கொடுத்தது போக நுங்கம்பாக்கம் பக்கம் மிச்சம் கிடந்த ஏரி எனக்கு நடக்கிற தூரம். கொக்கு சாரோ ராயப்பேட்டையிலிருந்து விடிவதற்குள் நடந்தே வந்துவிடுவார்.

கையில் ஒரு பைனாகுலர். ஏலத்தில் எடுத்தது, வலது பக்கம் மட்டும்தான் தெரியும். "கொக்குக்கு ஒரு கண்ணு போதும் சார்" என்று அவரே சொல்லிக்கொண்டு என்னிடம் நீட்டினார். நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டுக்கொண்டு ஒரு கறுப்புப் பறவை மிதந்தது. "நாமக்கோழி. வடகலையா தென்கலையான்னு பாத்துச் சொல்லுங்க. எட்டு வருஷமா எனக்குப் பிடிபடலே" என்றார்.

துப்பறியப் போனவன் அன்றிலிருந்து தினமும் போக ஆரம்பித்தேன்.

கரையில் துணி துவைக்கும் முனுசாமிக்கும் இவருக்கும் மட்டும் ஓயாத தகராறு.

"முனுசாமி, கொஞ்சம் மெள்ள அடியேன்ப்பா. பறந்துடப் போவுது."

"மெள்ள அடிச்சா அழுக்கு போவுமா நைனா? உன் வாத்துக்கோசரம் ஊரே அழுக்கா திரியணுமா, இன்னா?"

அப்போதுதான் சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பான்காரன் நாளைக்கே மதராஸில் குண்டு போடப் போகிறான் என்று ஊர் நடுங்கிக்கொண்டிருந்தது. கொக்கு சார் மட்டும் பைனாகுலரும் நோட்டுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காலை, புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் எங்கள் இருவரையும் மடக்கினார். நோட்டைப் பிடுங்கிப் படித்தார்.

"'கிழக்கிலிருந்து அறுபது. ஆறு பத்துக்கு வடமேற்கே புறப்பாடு.' இன்னாய்யா இது?"

"வாத்துங்க."

"வாத்துன்னா எந்த ப்ளேனு?"

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா, இவருகூட வந்தவனா?"

"இல்லீங்க. நான் சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றேன்.

கொக்கு சார் அந்த நீளக் கழுத்தைத் திருப்பி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போலீஸ்காரரிடம், "அவரு சொல்றது சரிதாங்க. எனக்கு அவரைத் தெரியாது" என்றார்.

முனுசாமிதான் துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். "தங்கமான மனுசன் சார் இவரு! வருசக் கணக்கா தண்ணியப் பாத்துக்கினு நிக்கிறாரு, வேற ஒண்ணும் தெரியாது!" என்று கத்திக்கொண்டே ஸ்டேஷன் வரை பின்னால் போனான். நான் ஆபீஸுக்குப் போனேன்.

பத்தரை மணிக்கு முனுசாமி ஈர வேட்டியோடு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் சூப்பிரண்டு எழுந்தார். பீரோவைத் திறந்து லீவு லெட்டர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜட்கா வண்டி பிடித்தார். வருஷா வருஷம் வாத்துக்காக எழுதிய லெட்டர்களை ஸ்டேஷனில் ஒவ்வொன்றாக அவரே உரக்கப் படித்துக் காட்டினாராம். மூன்றாவது லெட்டரில் இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, அழைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பைனாகுலரையும் நோட்டையும் மட்டும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் டிபன் நேரத்தில் கொக்கு சார் என் மேஜைக்கு வந்தார். நான் தலை நிமிரவில்லை.

"நீங்க சொன்னதுதான் சார் சரி. ரெண்டு பேரும் உள்ளே போயிருந்தா இங்கே வேலையை யாரு பாக்கிறது?" என்றார், நிஜமாகவே அப்படி நினைத்தவர்போல. "நாளைக்குக் காலையிலே வாங்க. கண்ணாடி இல்லாட்டி என்ன? கிட்டத்திலே இருக்கிறதைப் பாப்போம்."

வருகிறேன் என்றேன். போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வெட்கம். வெட்கம் கொஞ்சம் ஆறட்டும், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன். நாளைக் கடத்துவதற்கு நாங்கள் நல்ல ஆபீஸில் பழகியிருந்தோம்.

சித்திரையில் ஊரே காலியானது. ஆபீஸின் பாதியை மூட்டை கட்டி மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஃபைல்களோடு கொக்கு சாரும் போனார். அங்கே மலேரியாவில் அவர் போய்விட்ட செய்தி, ஒரு தபால் கட்டோடு வந்தது. சூப்பிரண்டு அதையும் உரக்கப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இன்று ஏரியில் தண்ணீரைவிட மண்மேடு அதிகம். மாசியில் நான் போய்க் கரையில் நிற்கிறேன். "யாருக்காக நிக்கிறீங்க?" என்று போகிற வருகிறவர்கள் யாராவது கேட்பார்கள். கொக்கு சார் என்று ஒருவர், என் சிநேகிதர், அவரோடு வந்தவன் நான் என்று சொல்கிறேன்.